எந்தக் கூட்டுக் குடும்பம் உடைந்தது?

கூட்டுக் குடும்பம் உடைந்துவிட்டது, அதனால்தான் பெரியவர்கள் அநாதைகளாகிறார்கள், பிள்ளைகள் தடம் மாறுகிறார்கள், ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது. இதைச் சொல்லாத பட்டிமன்றம் இல்லை, பள்ளி ஆண்டு விழா இல்லை, கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கும் பெரியவர் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் பங்குனி உத்திரத் தேருக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள்கூட, தேர் நிலைக்கு வருவதற்குள் ஒருமுறையாவது இதைப் பேசிவிடுகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். வீட்டுக்கு வந்த மருமகள் தனிக்குடித்தனம் கேட்டாள், குடும்பம் போயிற்று.

இந்தப் பேச்சு வரலாறாகவும் தவறு, நியாயமாகவும் தவறு. இன்று தனியாகக் கிடக்கும் பெரியவர்களுக்கு இதனால் ஒரு வேளைச் சோறுகூடக் கிடைக்கப்போவதில்லை. கிடைக்க வேண்டியதையும் இது தடுக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் வரலாறு. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் இ. ஏ. கெய்ட் காலத்திலேயே, இந்தியாவில் ஒரு வீட்டில் சராசரியாக ஐந்து பேர்கூட இல்லை. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2011 கணக்கெடுப்பிலும் நாட்டுச் சராசரி அதே ஐந்தை ஒட்டித்தான் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஒரு பெண் ஐந்தாறு பிள்ளை பெற்றாள், இப்போது இரண்டு. பிள்ளைகள் இத்தனை குறைந்தும் வீட்டின் அளவு குறையவில்லை என்றால், வளர்ந்தவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பது குறைந்திருக்க வழியில்லை. கூட்டுக் குடும்பம் சிதைந்தது என்ற கதையைக் குஜராத் கிராமங்களில் வைத்துச் சோதித்த சமூகவியலாளர் ஏ. எம். ஷா, 1973இல் வெளிவந்த நூலில் வீட்டு அளவுக் கணக்கை வைத்தும் வாதிட்டார். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, நாடு முழுவதும் நடந்த கிராம ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்த பாலின் கோலெண்டா, தென்னாட்டில் கூட்டுக் குடும்பம் வடக்கைவிட மிகக் குறைவு என்று காட்டியிருந்தார். தமிழ்நாட்டில் 2011இல் ஒரு வீட்டுக்கு 3.9 பேர். இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. வீடு சின்னதானதற்கு முதல் காரணம் தொட்டில் குறைந்தது.

தெற்கில் ஏன் குறைவு என்பதற்கு நம் கல்யாண முறையே பதில் சொல்லும். வடக்கே பெண்ணை முன்பின் தெரியாத தூரத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகன், பல சாதிகளில் தாய்மாமனே மாப்பிள்ளை. பிறந்த வீடு அரைநாள் நடையில் இருக்கும். மாமியார் அளவு மீறினால் அண்ணன் வந்து முற்றத்தில் நிற்பான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மருமகள் ஐந்தாறு வருஷத்தில் தன் அடுப்பைத் தனியாக மூட்டிக்கொள்வது ஊருக்கு அதிர்ச்சியாக இருந்ததில்லை.

நம் முதல் காப்பியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புகார் நகரத்துப் பெருவணிகன் வீட்டு மகன் கோவலன். கல்யாணமான பின் அவனையும் கண்ணகியையும் தனி மனையில் குடியேற்றி, இல்லறம் நடத்தப் பழகட்டும் என்று ஏற்பாடு செய்பவள் கோவலனின் தாயே. அதற்கென்றே ஒரு காதை இருக்கிறது, மனையறம்படுத்த காதை. தனிக்குடித்தனத்தை மாமியார் வைத்துக்கொடுக்கிறாள், அதை மங்கலச் செய்தியாக இளங்கோ சொல்கிறார். கோவலன் கெட்டது தனி வீட்டில் இருந்ததால் என்று இத்தனை நூற்றாண்டில் எந்த உரைகாரரும் எழுதியதாகத் தெரியவில்லை.

கூட்டுக் குடும்பத்துக்கு அடையாளமாக இன்று எல்லோரும் படம் போட்டுக் காட்டுவது காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளை. தெரு முதல் தெரு வரை நீளும் வீடு, பத்திருபது அறை, ஐம்பது பேர். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது? மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலத்தில் அவனை ‘வேறு வைப்பார்கள்’. தனி அறை, தனி அடுப்பு, அரிசி பருப்பு முதல் செலவுப் பணம் வரை தனிக் கணக்கு. பொது வாசல், பொதுச் சாமி, நல்லது கெட்டதுக்குப் பொதுக் கூடம், உலை மட்டும் வேறு வேறு. கோயிலுக்குக் கொடுக்கும் வரியும் வீட்டுக்கு இவ்வளவு என்று கிடையாது, கல்யாணமான ஒவ்வொருவனும் ஒரு புள்ளி. அத்தனை செல்வம் இருந்தவர்களே ஐந்து மருமகள்களை ஒரே அடுப்பில் நிறுத்தவில்லை. தொல்லை தெரிந்துதான் நிறுத்தவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கிராமங்களில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி வரி போடும்போது ஊர் எப்படிக் கணக்கெடுக்கிறது? தலைக்கட்டு. கல்யாணம் ஆகிவிட்டால் அவன் ஒரு தலைக்கட்டு, அப்பன் வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருந்தாலும் சரி. பல ஊர்களில் கைம்பெண்ணுக்கு அரை வரி, அல்லது வரியே இல்லை. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள் என்பதுதான் ஊர்க் கணக்கில் எப்போதும் ஒரு குடும்பம். சர்க்கார் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் கற்றுக்கொடுத்த வழக்கமல்ல இது.

அப்படியானால் அண்ணன் தம்பிகளைச் சேர்த்து வைத்தது எது? செட்டிகுளம் இருக்கும் ஆலத்தூர் வட்டத்தில் எந்த ஊரிலாவது ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தால் தெரியும். புஞ்சை பிரியும், நாலு எல்லை எழுதியிருக்கும். வீட்டில் கிழக்குப் பாதி பெரியவனுக்கு, மேற்குப் பாதி சின்னவனுக்கு, நடுச்சுவர் பொது. களம் பிரியும், மாட்டுக் கொட்டகை பிரியும், தென்னை மரங்கள்கூட எண்ணிப் பிரியும். பிறகு கிணறு வரும். கிணறு மட்டும் பிரியாது. கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, மோட்டாரிலும் கரண்டு சர்வீசிலும் மூன்றில் ஒரு பங்கு, முறைப்படி தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளப் பாத்தியம், வரப்பில் நடந்து போகவும் மாடு ஓட்டிப் போகவும் பாத்தியம். அடுத்த தலைமுறையில் அந்த மூன்றில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகும். ஆற்றுப் பாசனம் இல்லாத இந்தக் கரிசல் பூமியில் ஆள் ஆளுக்குக் கிணறு வெட்ட யாரால் முடியும்? பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட, மும்முனைக் கரண்டு எத்தனை மணிக்கு வரும், இன்றைக்கு யார் முறை என்பதைப் பிள்ளைகள் வாய்வழியாகச் சொல்லி அனுப்பிக்கொள்வார்கள்.

செட்டிகுளம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சின்ன வெங்காயம். இரண்டு இரண்டரை மாதப் பயிர்தான், ஆனால் ஆள் கேட்கிற பயிர். விதைக்காயை ஊன்ற ஆள், களை எடுக்க இரண்டு மூன்று தடவை ஆள், பிடுங்க ஆள், தாள் அரிய ஆள். விலை படிந்து வரும்வரை வைத்திருக்க வயலோரத்தில் பட்டறை போடுவார்கள். அடியில் காற்றுப் போகும்படி உயர்த்தி, மூங்கிலும் குச்சியும் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, காயைக் கொட்டி வைப்பது. பட்டறை போடுகிற அன்றைக்கு மூன்று பங்காளி வீட்டு ஆண்களும் பெண்களும் ஒரே களத்தில் நிற்பார்கள். பெரியம்மா தூக்கிலிருந்து சித்தப்பா பிள்ளைகள் சாப்பிடும். பொழுது சாய்ந்ததும் மூன்று வீட்டில் மூன்று அடுப்பு எரியும். அடுப்பு தனி, பாடு பொது. இந்த ஏற்பாட்டைச் சிதைவு என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கூட்டுக் குடும்பத்தின் நினைவே நிலம் வைத்திருந்தவர்களின் நினைவு. பெரம்பலூர் மாவட்டத்தில் பத்தில் மூன்று பேர் பட்டியல் சாதியினர். அவர்களின் தாத்தாக்கள் பண்ணையத்துக்கும் கூலிக்கும் போனவர்கள். ஒற்றைக் குடிசையில், குனிந்து நுழையும் வாசலில், மூன்று மகன்களும் மூன்று மருமகள்களும் எங்கே படுத்திருப்பார்கள்? கல்யாணமானதும் மகன் பக்கத்தில் இன்னொரு குடிசை போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். பிரிக்கச் சொத்தும் இல்லை, சேர்ந்திருக்க வீடும் இல்லை. அவர்களுக்கும் பாசம் இருந்தது, பெற்றவர்களைக் காப்பாற்றினார்கள், தம்பி தங்கைகளைக் கரையேற்றினார்கள். மேடையில் தமிழ்ப் பண்பாடு என்று பேசப்படும் கணக்கில் இவர்கள் குடும்பம் மட்டும் சேர்வதே இல்லை. ஊரில் இத்தனை பேர் வாழாத வாழ்க்கையை ஊரின் பண்பாடு என்று சொல்வது அநியாயம்.

வாழ்ந்தவர்களிலும் பெண்களிடம் கேளுங்கள். கேட்கும்போது மருமகளாக இருந்த காலத்தைப் பற்றிக் கேளுங்கள். விடியுமுன் எழுந்து சாணி தெளிப்பது முதல், எல்லோரும் உண்டபின் சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதுவரை, அவள் கையில் சொந்தமாக நாலணா இருந்ததில்லை. 1937இல் சட்டம் வரும்வரை, பிரியாத குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குச் சோறும் துணியும்தான் பாத்தியம், அவன் பங்கு கொழுந்தன்மாரோடு போகும். மகளுக்குப் பிறப்பிலேயே மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது, ஆனால் அதற்குமுன் கல்யாணமான பெண்கள் அதில் வரவில்லை. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. அப்பா அந்த ஆண்டில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு 2020 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றத்தில் வினீதா சர்மா தீர்ப்பில், வேண்டியதில்லை என்று முடிந்தது. ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பு ஒரே வாசகமாக வந்தது, குடும்பம் உடைந்துவிடும். பெண்ணுக்குப் பங்கு கொடுத்தால் உடைகிற குடும்பம் எதன் மேல் நின்றுகொண்டிருந்தது என்று நாம் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

தனிக்குடித்தனத்தின் நியாயத்தைத் தமிழ்ப் பெண்கள் நன்றாகவே அறிவார்கள். 1986இல் விசு எடுத்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் எல்லாச் சண்டையும் தீர்ந்து எல்லோரும் சேரப்போகிற கட்டத்தில், மூத்த மருமகள் வேண்டாம் என்கிறாள். தனித்தனியாக இருப்போம், அடிக்கடி சந்திப்போம், பிரியம் மிச்சமிருக்கும் என்பது அவள் முடிவு. தமிழ்நாடு முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்த படம் அது. தேசிய விருதும் வாங்கியது. தியேட்டரில் ஏற்றுக்கொண்ட நியாயத்தை மேடையில் மறுப்பது ஏன்?

சரி, பெரியவர்கள் இன்று தனியாக இல்லையா? இருக்கிறார்கள். செட்டிகுளத்திலும் நாட்டார்மங்கலத்திலும் பாடாலூரிலும் பூட்டிய வீடுகளுக்கு நடுவில் ஒற்றை விளக்கோடு இருக்கும் அப்பாயிகளையும் அம்மாயிகளையும் நான் மறுக்கவில்லை. எதிர்த்தரப்பின் வாதங்களில் கனமானது இதுதான். ஆனால் காரணம் அடுப்பு பிரிந்ததல்ல. இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்திருக்கின்றன, இரண்டுமே மருமகள் செய்தவை அல்ல.

ஒன்று, ஆயுள். நூறாண்டு முன்பு நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் அறுபதைத் தாண்டியவர்கள். பல குழந்தைகள் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. தமிழ்நாட்டில் 2011இல் அது நூற்றுக்குப் பத்தைத் தாண்டியது, 2021க்கான அரசு மதிப்பீடு 13.6. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். கண்புரை, சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், மறதி என்று இருபது வருஷம் கவனிக்க வேண்டிய முதுமையை நம் முன்னோர் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் சந்தித்ததே இல்லை. பழைய குடும்பம் இதைச் சமாளித்தது என்பதற்குச் சான்று கிடையாது, ஏனென்றால் அதற்கு இந்தச் சோதனை வரவில்லை. வந்த இடங்களில் எல்லாம் வென்றதாகவும் சொல்ல முடியாது. விருதுநகர்ப் பக்கத்தில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குத் தலைக்கூத்தல் நடத்திய கைகள் உறவுக் கைகளே.

இரண்டு, தூரம். முன்பு பிரிந்தவன் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் இருமல் கேட்கும். இப்போது பிரிந்தவன் சென்னையில், திருப்பூரில், துபாயில். போகச் சொன்னது யார்? சின்ன வெங்காயம் கிலோ நூறைத் தாண்டிய வருஷமும் உண்டு, பத்துப் பதினைந்துக்குக் கேட்க ஆளில்லாமல் வயலிலேயே அழுகவிட்ட வருஷமும் உண்டு. அந்த விலையை நம்பிக் கிணற்றில் ஒன்பதில் ஒரு பங்கோடு ஒருவன் ஊரில் உட்கார முடியாது. ஆளில்லாததால்தான் வெங்காயக் காடுகள் பலவற்றில் மக்காச்சோளம் ஏறிவிட்டது. மகனை அனுப்பியது விலை, மழை, படிப்பு. பழி மட்டும் மருமகள் தலையில்.

இதிலே மறைகிற இன்னொரு கொடுமை, கூட்டுக் குடும்பத்தின் பெயரால் நடப்பது. அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவன் வீட்டில் என்று பங்கு வைக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா தாம்பரத்தில், மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொள்ள அப்பா ஊரில். நாற்பது ஐம்பது வருஷம் ஒன்றாக இருந்தவர்களை எழுபது வயதில் பிரித்துவிட்டு, பெரியவர்களை நாங்கள் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வது எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது. அந்த இரண்டு பேரும் தங்கள் வீட்டில், தங்கள் அடுப்பில் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டு சேர்ந்திருப்பதுதான் அவர்களுக்கு மரியாதை. ஆனால் அப்படி இருந்தால் ஊர் என்ன சொல்லும்? பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லும். அந்தச் சொல்லுக்குப் பயந்தே பல பெரியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். சேர்ந்திருப்பது வேறு, கவனிப்பது வேறு. முதியோர் கொடுமை பற்றி ஹெல்ப்ஏஜ் இந்தியா நடத்திய ஆய்வுகளில் கொடுமை செய்கிறவர்களாக முன்வரிசையில் வருகிறவர்களில் மகனும் மருமகளும் உண்டு. ஒரே கூரை அந்த முதியவர்களைக் காக்கவில்லை.

இந்தக் கூட்டுக் குடும்பப் பேச்சு அலுவலகங்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023இல் 1,200 ரூபாய் ஆனது. ஆதரவற்றவர் என்பது தகுதி. மனு கொடுக்கப்போகும் பெண்ணிடம், உனக்குத்தான் மகன் இருக்கிறானே என்ற கேள்வி வந்துவிடுகிறது. மகன் இருப்பது வேறு, மகன் கொடுப்பது வேறு என்று அவள் கவுண்டரில் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கு 2007இலேயே சட்டம் வந்தது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. காப்பாற்றுவான் என்று எழுதி வைத்த தான செட்டில்மெண்டை, காப்பாற்றாவிட்டால் ரத்து செய்யவும் அதன் 23ஆம் பிரிவில் வழி உண்டு. பத்திரத்தில் அந்த நிபந்தனையை எழுதி வைப்பது பாதுகாப்பு. ஆனால் மகன் மேல் மனு கொடுப்பதா என்று கேட்டே ஊர் அவர்களின் கையைக் கட்டிப்போடுகிறது.

மகள் வீட்டுக்குப் போகவும் விடுவதில்லை. இப்போது எத்தனையோ வீடுகளில் ஒன்றிரண்டு பிள்ளைகள்தான், அதுவும் பெண்கள். எறையூர் சிப்காட்டில் காலணிக் கம்பெனிக்கு ஷிப்டு போகும் பெண், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தன் அம்மாவை அழைத்து வைத்துக்கொள்கிறாள். பாட்டி, மகள், மருமகன், பேத்தி. தேவையால் புதிதாக உருவாகும் கூட்டுக் குடும்பம் இதுதான், நம் கண்முன்னே வளர்கிறது. ஆனால் மருமகன் வீட்டில் போய்ச் சோறு தின்கிறாள் என்று அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்கிற வாயும், கூட்டுக் குடும்பம் போச்சே என்று அழுகிற வாயும் ஒன்றாகவே இருக்கின்றன.

பட்டிமன்றத் தலைப்பை விட்டுவிட்டுக் கிராம சபையில் பேசலாம். காந்தி ஜெயந்திக் கூட்டத்தில் ஒரு பட்டியல் எடுக்கக் கேளுங்கள். ஊரில் அறுபது வயதைத் தாண்டித் தனியாக இருப்பவர் எத்தனை பேர், தம்பதியாக இருப்பவர் எத்தனை, ஓய்வூதியம் வராதவர் யார், படுக்கையில் இருப்பவர் யார். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மாத்திரை யார் வீட்டுக்கு வருகிறது, யார் வீட்டுக்கு வரவில்லை. பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தால், கூடப் போக யார் இருக்கிறார்கள். மதியம் ஒரு வேளை, அங்கன்வாடியிலோ சத்துணவுக் கூடத்திலோ எரிகிற அடுப்பிலிருந்து பத்துப் பெரியவர்களுக்குச் சோறு கொடுக்க என்ன செலவாகும், யார் உத்தரவு போட வேண்டும். இந்தக் கேள்விகளைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மகன் மருமகள் பெயர் அதில் எங்கும் வர வேண்டியதில்லை.